படத்தின் பின்பக்கம்

எண்ணெய் வண்ணம் அவசரக்காரர்களுக்கு ஆகாது. நீர்வண்ணம் காய்வது கொடியில் ஈரத்துணி காய்வது மாதிரி. தண்ணீர் ஆவியாகிப் போகும், நிறம் தாளில் நின்றுவிடும். ஆளிவிதை எண்ணெய் அப்படி ஆவியாவதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மெல்ல மெல்லப் படலமாக இறுகும். எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. நல்லெண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்தால் பிசுபிசுவென்று கிடக்கும். தேங்காயெண்ணெய் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெயிலும் நிறத்துக்கு நிறம் வேகம் வேறு. அம்பர் போன்ற மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். டைட்டானியம் வெள்ளை ஒரு வாரம்கூட இழுக்கும்.

இந்த வண்ணத்தை வைத்துக்கொண்டு தினமும் ஒரு படம் முடிப்பது எப்படி? 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் டுவேன் கெய்சர் என்ற ஓவியர் அஞ்சலட்டை அளவில் நாளுக்கொரு எண்ணெய் ஓவியம் தீட்ட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து உலகம் முழுக்கப் பலர் ஆரம்பித்தார்கள். சூட்சுமம் அளவில் இருக்கிறது. படம் உள்ளங்கை அளவு என்றால் ஈரத்தின் மேலேயே ஈரத்தை வைத்து, ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். காய்வது அதன் பாட்டுக்குக் காயட்டும்.

நான் ஒன்றரை வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்துக்கு ஏழு இன்ச் ஹார்டுபோர்டு, ஆறு ட்யூப் வண்ணம், மூன்று பிரஷ். லேப்டாப்பை மூடியபிறகு ஒரு மணி நேரம். எங்கள் தொழிலில் தினசரிக் கணக்கு என்பது எல்லோருக்கும் பழக்கமான பைத்தியம். நாள் தவறாமல் கோடு எழுதியவனுக்குத் திரையில் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒரு நாள் விட்டுப்போனால் வாயில் பல் போனது மாதிரி இருக்கும். தினசரி ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அந்தப் பச்சைக் கட்ட பாஷையில்தான் பேசுகிறார்கள். ஒழுக்கம், விடாமுயற்சி, நூறு நாள் சவால். எனக்கு அதில் சீக்கிரமே அலுப்பு வந்துவிட்டது. ஒருவர் ஓர் ஊரில் உட்கார்ந்து தினமும் வரைந்தால், அந்த ஊரைப் பற்றி அந்தப் படங்களில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தாமிரபரணிக் கரையிலும் அதையொட்டிய பழைய திருநெல்வேலி மாவட்டத்திலும் அப்படி வரைந்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன்.

அதற்கு முன்னால் இங்கிலாந்துக்கு ஒரு எட்டுப் போய்வர வேண்டும். 1821, 1822 இரண்டு வருஷமும் ஜான் கான்ஸ்டபிள் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து வானத்தை மட்டும் வரைந்துகொண்டிருந்தார். தாளில் எண்ணெய் வண்ணம், சின்ன அளவு, பெரும்பாலும் மேகம் மட்டும்தான். மேகம் கலைவதற்குள் முடித்தாக வேண்டும். கசங்கிச் சுருங்கும் ட்யூப் அப்போது கிடையாது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கியது 1841இல்தான். அதுவரை குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி, ஆணியால் துளை போட்டுப் பிதுக்கினார்கள். கான்ஸ்டபிளின் மேகங்களைவிட எனக்குப் பிடித்தது அவற்றின் பின்பக்கம். பல படங்களின் பின்னால் தேதி, மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, மழை வந்ததா என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். முன்பக்கம் மேகம், பின்பக்கம் அந்த நாள். இரண்டையும் சேர்த்தால்தான் அது தினசரிப் படம் என்று எனக்குத் தோன்றியது. நம்ம ஊர்ப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் ஆசை அங்கேதான் வந்தது.

நமக்குக் கிடைக்கிற முதல் ஆட்கள் ஒரு சித்தப்பாவும் மகனும் மாதிரியான ஜோடி: தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை வில்லியம் டேனியல். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரிப் பக்கம் வரை போய்த் திரும்பினார்கள். வழியில் குற்றாலத்தையும் பாபநாசத்து அருவியையும் வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த 144 அச்சுப் படங்கள் கொண்ட அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதியில் இந்த அருவிகள் இருக்கின்றன. ஆனால் வழியில் அவர்கள் செய்தது பென்சிலும் நீர்வண்ணமும்தான். காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டியை வைத்துக் கோடு பிடித்தார்கள். எண்ணெய் ஓவியமெல்லாம் பயணம் முடிந்த பிறகு.

அந்தப் பாபநாசப் படத்தில் பாறையும் நீரும் மரங்களும் பிரமாதமாக இருக்கின்றன. அருவிக்கு இந்தப் பக்கம் நடந்தது வேறு. அதே 1792இல்தான் ஆற்காட்டு நவாபுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலை கம்பெனியின் கைக்கு வந்தது. அதிலிருந்து ஏழாவது வருஷம், 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். படத்தைத் திருப்பினால் இருக்கிற கணக்கு இது. வரைந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது அருவி, வரைந்தார்கள்.

அடுத்தவர் மேரியான் நார்த். தினசரி எண்ணெய் ஓவியம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர் இவர்தான். 1830இல் பிறந்தவர், பார்லிமெண்ட் உறுப்பினரின் மகள், திருமணம் செய்துகொள்ளவில்லை. 1869இல் அப்பா இறந்தபிறகு வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார். ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை. செடிகொடிகளை வரைகிறவர்கள் அந்தக் காலத்தில் வெள்ளைத் தாளில் ஒற்றைக் கிளையை நீர்வண்ணத்தில் துல்லியமாக வரைவார்கள். நார்த் அதைச் செய்யவில்லை. செடி எங்கே நிற்கிறதோ அங்கேயே போய் உட்கார்ந்து, பின்னால் தெரியும் மலை, குளம், குடிசையோடு சேர்த்து எண்ணெயில் தீட்டினார். தாளில், வேகமாக, கெட்டி வண்ணத்தில். லண்டன் கியூ தோட்டத்தில் தம் செலவிலேயே கூடம் கட்டி, 1882இல் திறந்தார். 800க்கும் மேற்பட்ட படங்கள் சுவரே தெரியாமல் அடுக்கியிருக்கின்றன. பத்துப் பதினைந்து வருஷத்தில் இத்தனை என்றால் கையை எவ்வளவு நாள் சும்மா வைத்திருப்பார்?

இந்த நார்த் 1877 கடைசியில் இலங்கையிலிருந்து வந்து தூத்துக்குடியில் இறங்கினார். அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த ரயிலில் மதுரைக்குப் போனார். தஞ்சாவூரில் ஏ.சி. பர்னல் என்ற சமஸ்கிருத அறிஞரோடு நட்பாகி, இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை வரையும் யோசனையில் இறங்கினார். அந்த ரயில் மணியாச்சி, கோவில்பட்டி வழியாகத்தான் போகும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இடது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்க, அவர் கரிசல் காட்டைக் கடந்து போயிருக்கிறார்.

வருஷத்தைக் கவனியுங்கள். நம்ம பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது அதைத்தான். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அரசாங்கத்தின் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிளின் பெயர் இன்றும் அந்தக் கூலிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நார்த் கண் முன்னால் ஆளரவமில்லாத காடு விரிந்திருக்கவில்லை. அவருடைய சுவரில் இருப்பது தாமரையும் ஆலும் கோயில் குளமும்.

இதைச் சொல்லி அந்த அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே பஞ்சத்தைப் படம் எடுத்த ஒருவரையும் நமக்குத் தெரியும். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். உட்காரவைத்து, நிமிரவைத்து, அசையாமலிருக்கச் சொல்லி. அந்தப் படங்கள் இன்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. பார்க்கும்போதெல்லாம், இதை எடுத்து முடித்ததும் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்களா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பார்க்காமல் போனவருக்கும் பார்த்தே தீருவேன் என்று நின்றவருக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நார்த்தின் படங்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1892இல் தங்கை பதிப்பித்த நினைவுக் குறிப்புகள். படத்தில் இல்லாத மனிதர்களும் வழிச் சிரமங்களும் அதில் இருக்கிறார்கள். சுவரை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது தெரியாது.

நார்த்தின் ரயில் கடந்துபோன கோவில்பட்டியில், 65 வருஷம் கழித்து வேறொருவர் வந்து தங்கினார். சி. கொண்டையா ராஜு. 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் மேல்நாட்டு முறையில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை. ஊர் ஊராகப் போன அந்தக் கம்பெனி 1942இல் கோவில்பட்டியில் கலைந்துபோக, இவர் அங்கேயே இருந்துவிட்டார். 1976இல் இறக்கும்வரை அதுதான் ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுற்றிலும் சீடர்கள்: டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று நீளும் பட்டியல். தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று பெயர். 1986 வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம்தான், ஆகவே நம்ம ஆள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெயர் தெரியாவிட்டாலும் அவர் படம் உங்களுக்குத் தெரியும். வட்டமான கன்னம், நேராக உங்களையே பார்க்கும் கண், வெல்வெட்டில் பதித்தது மாதிரி நகை, பின்னால் தாமரைத் தடாகம். மயில்மேல் முருகன், மீனாட்சி கல்யாணம், ராமர் பட்டாபிஷேகம், கஜலட்சுமி. சிவகாசி அச்சகங்களில் காலண்டராக லட்சக்கணக்கில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனவை. காலண்டர்த் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஜவுளிக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் அதைப் புரட்டி, இந்த முருகன் ஆயிரம், அந்த லட்சுமி ஐந்நூறு என்று ஆர்டர் கொடுப்பார்கள். அதற்குள் மூலப்படம் கைக்கு வந்தாக வேண்டும். பல படங்களில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். வேலையைப் பங்கிட்டுக்கொள்ளாமல் இந்த வேகம் நடக்காது.

எண்ணெய் வண்ணம் இங்கே தோற்றுப்போனது. காய ஒரு வாரம் எடுக்கும் படத்தை எந்த அச்சகம் காத்திருந்து வாங்கும்? ஸ்டுடியோக்காரர்கள் காலண்டர் மூலங்களைப் பெரும்பாலும் நீரில் கரையும் வண்ணத்தில்தான் தீட்டினார்கள். சீன் திரையும் அப்படித்தான்: நிறப்பொடி, தண்ணீர், வஜ்ரப் பசை. ராத்திரி நாடகத்துக்குச் சாயங்காலம் காட்டைக் காயவைத்துத் தருகிற கை அது. ஆனால் கண் எண்ணெய் ஓவியத்தின் கண். ரவிவர்மா எண்ணெயில் செய்த சதைத் திரட்சியையும் ஒளி நிழலையும் இவர்கள் தண்ணீரில் கொண்டுவந்தார்கள். நான் ஐந்து இன்ச் அட்டையில் ஒரு குடத்தின் வளைவைத் திருப்ப முக்கால் மணி நேரம் எடுக்கிறவன். அந்த முருகன் கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பொறாமை வருகிறது. காலண்டர் ஆர்ட் என்று மட்டமாகச் சொல்கிறவர்கள் ஒரு நாள் ஒரே ஒரு கன்னத்தை முயன்று பார்க்கலாம்.

இத்தனை வருஷம், இத்தனை கைகள், நாள் தவறாத வேலை. ஆனாலும் தாமிரபரணி எங்கே? சாமிக்குப் பின்னால் இருக்கிறது. முருகனுக்குப் பின்னே நீல மலை, அதிலிருந்து வெள்ளைக் கோடாக இறங்கும் அருவி. அது எந்த மலையும் இல்லை, சீன் திரையிலிருந்து வந்த மலை என்று ஆராய்ச்சிக்காரர் சொல்லலாம். பொதிகை அடிவாரத்துக்காரன் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆற்றை மட்டும் வரைந்து கொடுத்தால் அன்றைக்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்? காலண்டருக்குச் சாமி வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு அருவி வேண்டியிருந்தது போல.

தினசரி என்ற விஷயத்தை அந்தக் காலண்டர் வேறு விதமாகச் செய்தது. மேலே படம் மாறாது. கீழே தாள் தினமும் கிழியும். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். மாதக் காலண்டர் என்றால் கட்டத்துக்குள் பால் கணக்கு, வேலைக்காரம்மா வராத நாள், சிலிண்டர் போட்ட தேதி. கான்ஸ்டபிள் படத்துக்குப் பின்னால் எழுதியதை நம்ம வீட்டுப் பொம்பளைகள் படத்துக்குக் கீழே எழுதினார்கள். வருஷம் முடிந்ததும் படம் அழகாயிருந்தால் கீழ்ப்பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு மேலே உள்ள சாமிக்கு ஃப்ரேம் போட்டுப் பூஜை அறையில் மாட்டுவார்கள். சாமி நிரந்தரமாகிவிடும், பால் கணக்கு குப்பைக்குப் போகும்.

நான் வரைவது பெரும்பாலும் குறுக்குத்துறையில். ஆற்றுக்கு நடுவில் இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்ப வருவார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைய இதைவிட நல்ல இடம் கிடையாது. தினமும் குளிக்க வரும் ஒரு பெரியவர் ஒரு நாள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“என்னய்யா, தெனமும் அதே கோயிலத்தான் வரையுதியளா?”

“ஆமா தாத்தா.”

“நேத்து அந்தப் படி தெரிஞ்சுது. இன்னிக்குத் தெரியல. மேல மழ போல. நீங்க படிய போட்டிருக்கியளே?”

நான் பார்த்த படியை வரைந்திருந்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. அன்றைக்கு அட்டையின் பின்னால் இரண்டு நேரங்களையும் எழுதினேன். அதற்குப் பிறகு பின்பக்கம் எழுதுவது பழக்கமாகிவிட்டது. தேதி, மணி, எந்தப் படி தெரிகிறது, தண்ணீரின் நிறம், துணி துவைத்தவர்கள் எத்தனை பேர், கரையில் கிடந்த பழைய வேட்டி சேலை. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியை முன்பக்கத்தில் வரையத்தான் செய்கிறேன், ஆனால் ஒரு சிவப்புத் தீற்றலாக அது அழகாக விழுந்துவிடுகிறது. நாற்றம் வருவதில்லை. பின்னால் எழுதினால்தான் உண்டு.

குறுக்குத்துறையிலிருந்து ஆற்றோடு கொஞ்ச தூரம் கீழே போனால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் போலீஸ் அடித்து விரட்டியபோது, ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. அங்கே உட்கார்ந்து நான்கைந்து படம் தீட்டியிருக்கிறேன். நாணல், பாலத்தின் நிழல், மாலையில் செம்பு நிறமாகும் தண்ணீர். எந்த நல்ல ஓவியனுக்கும் அந்த இடம் அழகாகத்தான் அகப்படும். நார்த்தை நான் கூண்டில் ஏற்றாததற்கு இன்னொரு காரணம் இது. அந்தப் படங்களின் பின்னால் தேதியோடு இன்னொரு தேதியையும் எழுதியிருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. பூஜை அறையிலிருந்த பழைய முருகன் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. மூலையில் கொண்டையா ராஜுவின் கையெழுத்து இருக்கும் படம் அது. டவுனில் ஒரு ஃப்ரேம் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பின்பக்க ஆணிகளை நெம்பி, செல்லரித்த அட்டையை மெதுவாக எடுத்தார். உள்பக்கமாக இருந்த முகத்தில் பென்சிலால் கணக்கு: 3 கோட்டை, 7 மரக்கால், கழிவு போக, அதற்குக் கீழே ஒரு பெயரின் பாதி. யாருடைய கையெழுத்து என்று ஆச்சியிடம் போனில் கேட்டேன். “ஒங்க தாத்தா ஏழு இப்டித்தாம் போடுவாவ, வால் நீட்டி” என்றாள். எந்த வருஷத்து நெல் என்று அவளுக்கு நினைவில்லை.

“அட்ட பூராப் போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டிருவம்” என்றார் கடைக்காரர். பழையதையே திரும்ப வையுங்கள், வேண்டுமானால் அதற்குப் பின்னால் புதுசு ஒன்று போடுங்கள் என்றேன். ரெண்டு அட்டைக்கு ஆணி நீளம் பத்தாது என்று கொஞ்ச நேரம் முனகினார். பிறகு உள்ளே போய்ப் பெரிய ஆணி எடுத்துவந்தார்.